ரியானனா, அங்ஹாரட்டா, செரெனா? வேல்ஸ் பெண் பெயர்கள்: ஜோடி ஜோடியாக ஓர் ஒப்பீடு

வேல்ஸ் மொழிப் பெண் பெயர்களைத் தேடிப் போனால் எங்கும் ஒரே மாதிரிப் பட்டியல்தான் கிடைக்கிறது. பிரன்வென் என்றால் வெண்காக்கை, ஒல்வென் என்றால் வெண்சுவடு, செரென் என்றால் நட்சத்திரம். ஆளுக்கு ஒரு வரி, அத்தோடு முடிந்தது. இரண்டு பெயர்களுக்கு நடுவே தத்தளிக்கிற பெற்றோருக்கு அந்த ஒரு வரியால் எந்த உதவியும் இல்லை. வேல்ஸ் பெயர்களில் அகராதிப் பொருள் கால் பங்குதான். அந்தப் பெயரோடு எந்தக் கதை வருகிறது, எந்தப் பெண் வருகிறாள், வேல்ஸைத் தாண்டினால் அதை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதில்தான் மீதி முக்கால் பங்கும் இருக்கிறது. அதனால் போட்டிப் பெயர்களை எதிரெதிரே நிறுத்தி, எனக்கு எது மேல் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். காரணம் தெரிந்து வந்தால் போதும்.

அதற்கு முன்னால் கொஞ்சம் இலக்கணம். இது தெரியாமல் வேல்ஸ் பெயர்களுக்குள் போகவே முடியாது. 'க்வின்' என்றால் வெள்ளை. அழகு, புனிதம் என்ற பொருள்களும் அதற்குள்ளேயே அடங்கும். அதன் பெண்பால் 'க்வென்'. வேறொரு சொல்லின் பின்னால் ஒட்டும்போது முதல் ஒலி உதிர்ந்து 'வென்' ஆகிவிடும். பிரன்வென், ஒல்வென், பிரொன்வென், எய்ர்வென், டுவின்வென் எல்லாம் இப்படி வந்தவை. ஆண் பெயராக இருந்தால் 'வின்' என்று முடியும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மகளுக்குப் 'பிரொன்வின்' என்று பெயர் வைக்கிறார்கள். வேல்ஸ் மொழி பேசுகிறவர்களின் காதில் அது பெண்ணுக்கு ஆண் விகுதி போட்ட மாதிரி விழும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதைக் கவனித்து வைப்பது அந்த மொழிக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

உச்சரிப்பில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் வசதி இருக்கிறது. வேல்ஸ் எழுத்தில் இரண்டு 'டி' சேர்ந்து வந்தால், 'அது' என்று சொல்லும்போது வரும் அதே மெல்லிய த-ஒலி. ஒற்றை 'எஃப்' என்பது வ-ஒலி. இரட்டை 'எஃப்' வந்தால்தான் ஃப-ஒலி. கோடை என்று பொருள்படும் பெயரை 'ஹாவ்' என்று சொல்ல வேண்டும், 'ஹாஃப்' என்று அல்ல. அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில் விழும். சிக்கல் இரட்டை 'எல்'லில்தான். நாக்கை 'ல்' சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரத்தில் காற்றை மட்டும் வெளியே விட வேண்டும். நம்மிடம் அந்த ஒலி இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. இதைப் பற்றிக் கீழே குவென்லியனிடம் போகும்போது பேச வேண்டியிருக்கும்.

ரியானன், பிரன்வென்

இரண்டுமே மாபினோகி என்ற பழங்கதைத் தொகுதியிலிருந்து வருகின்றன. நான்கு கிளைகளாகச் சொல்லப்படும் இந்தக் கதைகள் 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுதப்பட்ட வெள்ளைப் புத்தகம், சிவப்புப் புத்தகம் என்ற இரண்டு பெரிய கையெழுத்துப் படிகளில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சார்லட் கெஸ்ட் சீமாட்டி 1838 முதல் 1849 வரை இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் கதையில் இருந்த பெண்களின் பெயர்கள் பரவலாகத் தொட்டிலுக்கு வந்தன.

ரியானன் என்ற பெயருக்கு மூலம் 'ரிகன்டோனா' என்ற பழைய கெல்டிக் வடிவம் என்கிறார்கள் மொழியியலாளர்கள். மாபெரும் அரசி என்று பொருள். ஆனால் அவள் யார் என்று தெரிய வேண்டுமானால் கதையில் அவள் முதன்முதலாக வருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். டவெட் நாட்டு இளவரசன் பூய்ல் ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறான். பொன்சரிகைப் பட்டு உடுத்த ஒரு பெண் வெளிறிய வெள்ளைக் குதிரையில் மெதுவாகப் போகிறாள். ஆள் அனுப்பித் துரத்துகிறான். அவள் குதிரை நடையைக் கூட்டவே இல்லை. ஆனாலும் வேகமாகப் போகிறவனால் நெருங்க முடியவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவனே குதிரையேறித் துரத்தித் தோற்றுப்போய், கடைசியில் வாயைத் திறந்து கேட்கிறான்: உனக்கு மிகப் பிரியமானவன் பேரால் கேட்கிறேன், கொஞ்சம் நில். அவள் நிற்கிறாள். "சந்தோஷமாக நிற்கிறேன், இதை நீ முன்னமே கேட்டிருந்தால் அந்தக் குதிரைக்காவது நன்றாக இருந்திருக்கும்" என்கிறாள். இந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு இந்தப் பெயர் பிடிக்கும்.

பின்னால் அவளுக்குப் பெரிய துன்பமும் வருகிறது. பிறந்த குழந்தை இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. காவலுக்கு இருந்த பெண்கள் பயந்துபோய், நாய்க்குட்டி ரத்தத்தை அவள் முகத்தில் பூசி, பெற்ற பிள்ளையைத் தாயே கொன்றுவிட்டாள் என்று பழி போடுகிறார்கள். ஏழு ஆண்டுகள் அரண்மனை வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் தன் கதையைச் சொல்லி, அவர்களை முதுகில் சுமந்து உள்ளே கொண்டுபோக வேண்டும் என்பது தண்டனை. அவள் அதை ஏற்றுக்கொள்கிறாள். தண்டனைக் காலம் முடியும் முன்பே மகன் உயிரோடு திரும்பி வருகிறான், பழி கழிகிறது.

பிரன்வென் கதை அப்படி முடியவில்லை. 'பிரான்' என்றால் அண்டங்காக்கை. அவளுடைய அண்ணன் பெயரும் அதுதான், பெண்டிகெய்ட்விரன், அதாவது அருள்பெற்ற பிரான். அண்ணன் தங்கை இருவர் பெயரும் ஒரே பறவையிலிருந்து வருவது பட்டியல்களில் இருப்பதே இல்லை. அயர்லாந்து அரசன் மத்தொலுக்குக்கு அவளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். கல்யாணத்தின்போது அவளுடைய இன்னொரு சகோதரன் மாப்பிள்ளை வீட்டுக் குதிரைகளைச் சிதைத்து அவமானப்படுத்திவிட, அதற்கான பழியை அயர்லாந்துக்காரர்கள் அவள்மேல் தீர்க்கிறார்கள். அரசியைச் சமையற்கட்டுக்கு அனுப்புகிறார்கள். இறைச்சி வெட்டுகிறவன் தினமும் வந்து அவள் காதோரம் ஓர் அறை விட வேண்டும் என்று ஏற்பாடு. மூன்று ஆண்டுகள் அந்தச் சமையற்கட்டில், மாவு பிசையும் தொட்டியின் விளிம்பில் வைத்து அவள் ஒரு மைனாக் குஞ்சை வளர்க்கிறாள். அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்து, அண்ணன் எப்படி இருப்பான் என்று அடையாளம் சொல்லி, சிறகடியில் கடிதம் கட்டிக் கடல் தாண்டி அனுப்புகிறாள். பறவை போய்ச் சேருகிறது. அண்ணன் படையோடு வருகிறான். போரின் முடிவில் இந்தப் பக்கம் உயிரோடு திரும்பியவர்கள் ஏழு ஆண்கள்தான். ஆங்கிள்சி தீவில் அலாவ் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்று இரண்டு நாடுகளையும் பார்த்து, என்னால்தானே இரண்டு நல்ல தீவுகளும் அழிந்தன என்று சொல்லி நெஞ்சு வெடித்து இறக்கிறாள். அந்த ஆற்றங்கரையில் 'பிரன்வென் கல்லறை' என்ற மேடு இன்றும் இருக்கிறது. 1813-ல் தோண்டியபோது எரிந்த எலும்புகள் கொண்ட தாழி கிடைத்தது. அது வெண்கலக் காலத்துக்குரியது, கதையைவிட மிகப் பழையது என்பது வேறு விஷயம்.

இரண்டில் எது? சோகக் கதை என்பதற்காகப் பிரன்வென்னை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடுப்படியில் அடி வாங்கிக்கொண்டே ஒரு பறவைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவளைவிட உறுதியான பெண் எந்தக் கதையில் இருக்கிறாள்? ஆனாலும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் கை ரியானன் பக்கம்தான் போகும். 1970களில் வந்த ஒரு ராக் பாட்டு அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டதால், எங்கே போனாலும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் குறைவு. அதோடு, துன்பத்தை முழுசாக அனுபவித்துவிட்டு இந்தப் பக்கம் நிமிர்ந்து வந்த பெயர் அது.

இதே கதை உலகத்தில் ஒல்வென்னும் உண்டு. அவள் கால் வைத்த இடத்திலெல்லாம் நான்கு வெள்ளை க்ளோவர் பூக்கள் முளைக்குமாம். பெயரே அந்த வெண்சுவடுதான். கேட்க அழகு. ஆனால் கதையில் அவளைப் பெண்கேட்டு வருகிறவனுக்கும் அவளுடைய அரக்க அப்பாவுக்கும்தான் வேலை. அவளுக்கு அதிகம் இல்லை. பிரொன்வென் என்றால் வெண்மார்பு. அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை கிடையாது. பிளொடெய்வெத், மலர்முகம், என்ற பெயரைக் குழந்தைக்கு வைக்க வேண்டாம். ஓக், விளக்குமாற்றுச் செடி, புல்வெளிப் பூ ஆகியவற்றின் மலர்களிலிருந்து ஒருவனுக்கு மனைவியாகச் செய்யப்பட்டு, அவனைக் கொல்லச் சதி செய்து, ஆந்தையாகச் சபிக்கப்பட்டவள் அவள்.

அங்ஹாரட், குவென்லியன்

இந்தப் போட்டி எனக்கு ரொம்பவே பிடித்தது. காரணம், இவர்கள் நிஜமாகவே தாயும் மகளும். குவினெட் அரசன் கிரிஃபித் அப் கனனின் மனைவி அங்ஹாரட். அவர்களுடைய மகள் குவென்லியன். அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. 'குவென்லியன் வெர்க் கிரிஃபித்' என்றால் கிரிஃபித்தின் மகள் குவென்லியன். அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

1136-ல் நார்மானியர்களுக்கு எதிராகத் தெற்கு வேல்ஸ் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது குவென்லியனின் கணவர் உதவி கேட்டு வடக்கே போயிருந்தார். கிட்வெலி கோட்டையிலிருந்து நார்மானியர்கள் வருகிறார்கள் என்றதும் இருந்த ஆட்களைத் திரட்டி அவளே படை நடத்திப் போனாள். தோற்றுக் கொல்லப்பட்டாள். கிட்வெலிக்கு வடக்கே உள்ள அந்த இடத்துக்கு இன்றைக்கும் 'மைஸ் குவென்லியன்', குவென்லியன் களம், என்றுதான் பெயர். அவளுடைய மகன் ரீஸ்தான் பின்னாளில் தெற்கு வேல்ஸின் பெரிய தலைவன் ஆனான். 1176-ல் கார்டிகன் கோட்டையில் கவிஞர்களையும் இசைக்கலைஞர்களையும் கூட்டி அவன் நடத்திய போட்டியைத்தான் முதல் ஐஸ்தெத்வோட் விழா என்று சொல்கிறார்கள்.

இன்னொரு குவென்லியன் இருக்கிறாள். வேல்ஸின் கடைசிச் சுதேச இளவரசன் லவெலின் அப் கிரிஃபித்தின் ஒரே மகள், 1282-ல் பிறந்தவள். பிரசவத்திலேயே தாய் இறந்தாள். அதே ஆண்டு டிசம்பரில் தந்தை கில்மெரி அருகே கொல்லப்பட்டார். இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு அந்தக் கைக்குழந்தையைத் தூக்கி, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள செம்ப்ரிங்கம் மடத்துக்கு அனுப்பிவிட்டான். வாரிசு பிறந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். 1337-ல் சாகும்வரை அவள் அங்கேதான். தாய்மொழி காதில் விழ வழியே இல்லை. ஆங்கில ஆவணங்களில் அவள் பெயர் 'வென்ட்லியான்' என்று உருக்குலைந்து கிடக்கிறது. இரட்டை 'எல்'லை அவர்களால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். 2009-ல் வடக்கு வேல்ஸில் 926 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்துக்கு 'கார்னெத் குவென்லியன்' என்று பெயர் மாற்றினார்கள்.

க்வென் என்ற வெண்மையோடு 'லியன்' என்ற சணல்நூல் துணி சேர்ந்தது இந்தப் பெயர் என்பது வழக்கமான விளக்கம். பட்டியலில் இருப்பது அந்த வெள்ளைத் துணி மட்டும்தான். படை நடத்தியவளும், பெயரைக்கூடப் பறிகொடுத்தவளும் அதில் இல்லை.

அங்ஹாரட் என்றால் மிகவும் நேசிக்கப்பட்டவள். முன்னால் இருக்கும் 'அன்' எதிர்மறை அல்ல, மிகுதியைக் காட்டுவது. அதன்பின் வருவது 'கார்', அன்பு. பெரெடிர் என்ற வீரனின் பழங்கதையில் 'பொற்கை அங்ஹாரட்' என்று ஒருத்தி வருகிறாள். அவள் தன்னை நேசிக்கும்வரை எந்தக் கிறிஸ்தவரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சபதம் எடுக்கிறான் வீரன். அதே 'கார்' வேரிலிருந்து 20-ஆம் நூற்றாண்டில் கிளைத்தவை காரிஸ், கெரிஸ் ஆகிய பெயர்கள். கேடட்டோனியா குழுவின் பாடகி கெரிஸ் மேத்யூஸால் இரண்டாவது பெயர் 1990களில் நன்றாகப் பரவியது. இரண்டும் சொல்ல எளிது. ஆனால் அங்ஹாரட்டுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டு இருக்கிறது. இவற்றுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

குவென்லியனா அங்ஹாரட்டா என்றால், குழந்தை வேல்ஸிலேயே வளரப்போகிறது, வீட்டில் யாராவது ஒருவர் மொழி பேசுகிறார் என்றால் குவென்லியன் வையுங்கள், தயங்க வேண்டாம். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்கிற வாய்கள் சுற்றி இருக்கும். லண்டனிலோ டொரன்டோவிலோ வளரப்போகிற குழந்தைக்கு அங்ஹாரட் மேல். அதையும் ஆங்கிலேயர்கள் முதலில் தடுமாறித்தான் சொல்வார்கள். ஆனால் 'அங்-ஹா-ரட்' என்று நடுவில் அழுத்தி ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். செம்ப்ரிங்கம் மடத்தில் நடந்தது இன்னொரு குவென்லியனுக்குப் பள்ளிக்கூட வருகைப் பதிவில் நடக்க வேண்டாமே.

இதே காலத்து நெஸ்ட், ஷுவன் பெயர்களும் அழகானவைதான். ஷுவன் என்பது இங்கிலாந்து அரசன் ஜானின் மகளாகப் பிறந்து, லவெலின் மகாராஜனின் மனைவியான ஜோனுடைய வேல்ஸ் வடிவம். நெஸ்டை எடுத்துப்போய் ஆங்கிலத்தில் எழுதினால் பறவைக்கூடு என்று ஆகிவிடும். அது ஒன்றுதான் தடை.

மவான்வி, மெகன்

மவான்விக்கு எதிராக வேறு எந்தப் பெயரை நிறுத்தினாலும் பாட்டு வந்து குறுக்கே நிற்கும். ஜோசப் பாரி இசையமைத்து 1875-ல் வெளிவந்த 'மவான்வி' பாடலை வேல்ஸின் ஆண்கள் பாடகர் குழுக்கள் இன்றைக்கும் விடாமல் பாடுகின்றன. மெர்தர் டிட்வில் நகரத்தின் இரும்பாலைத் தொழிலாளி வீட்டில் பிறந்து, சிறுவயதிலேயே வேலைக்குப் போய், பிறகு இசைப் பேராசிரியராக அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு வந்தவர் அவர். பெயர் அதைவிடப் பழையது. 14-ஆம் நூற்றாண்டில் லாங்கோலென் அருகே உள்ள டினாஸ் பிரான் கோட்டையின் மவான்வி வகனைப் புகழ்ந்து ஹவெல் அப் ஐனியன் பாடிய கவிதை இருக்கிறது. 'என் அருமையானவளே', 'என் பெண்ணே' என்று இரண்டு விதமாகவும் பொருள் சொல்கிறார்கள். எந்த விதத்தில் பார்த்தாலும் கூப்பிடும்போதே கொஞ்சுகிற பெயர்.

மெகன் என்பது மார்கெட் என்ற வேல்ஸ் பெயரின் செல்லச் சுருக்கம். கிரேக்கத்தில் முத்து என்று பொருள்படும் மார்கரெட்தான் மூலம். 1929-ல் ஆங்கிள்சியில் வென்று வேல்ஸின் முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினரான மெகன் லாய்ட் ஜார்ஜ் இதைக் கௌரவமான பெயராக்கினார். அப்புறம் அது எல்லை தாண்டிப் போய், 1990களில் இங்கிலாந்தின் முன்னணிப் பெயர்களில் ஒன்றாகிவிட்டது. இப்போது அதை ஐரிஷ் பெயர் என்று நினைக்கிறவர்கள்கூட நிறைய. வேல்ஸ் அடையாளம் வேண்டும் என்பதற்காகத்தான் தேடுகிறீர்கள் என்றால் மெகன் அந்த வேலையைச் செய்யாது. அதே மூலத்திலிருந்து வரும் மாரெட் செய்யும்.

மவான்வி பாட்டிப் பெயர் ஆகிவிட்டது, பழசு என்பார்கள். பாட்டிப் பெயர்களின் கதை தனி. கிளாடிஸ், வினிஃப்ரெட் இரண்டும் நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் கேட்டுப் பழகியவை. இரண்டுக்கும் வேர் வேல்ஸில்தான். முதலாவது குவ்லாடிஸ் என்பதன் ஆங்கிலச் சாயல், இரண்டாவது ஹோலிவெல் ஊரில் ஊற்றுக்கிணறு கொண்ட புனிதை குவென்வ்ரெவியின் பெயர். அவை பழசானதற்குக் காரணம் ஒரு தலைமுறையே மொத்தமாக வைத்துத் தீர்த்ததுதான். மவான்வியை வெளிநாடுகள் அப்படித் தேய்க்கவில்லை. அதனால் இந்த ஜோடியில் யோசிக்காமல் மவான்வி.

செரென், எய்ரா

கதையும் வேண்டாம், இளவரசியும் வேண்டாம், குழந்தைக்கு லேசாக ஒரு பெயர் போதும் என்கிறவர்களுக்கு இயற்கைப் பெயர்கள். செரென் நட்சத்திரம், எய்ரா பனி, எய்ர்லிஸ் பனித்துளிப் பூ, ஹெய்ல்வென் வெயில், என்விஸ் வானவில், க்வவுர் விடியல். ஃபியொன் செந்நிற நரிக்கையுறைப் பூ. 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வேல்ஸ் மொழி பேசுகிறவர்கள் ஏறத்தாழ 5,38,000 பேர், 17.8 சதவீதம். மொழி கைவிட்டுப்போன வீடுகளிலும் மகளுக்கு ஒரு வேல்ஸ் பெயராவது வைக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை. அந்த ஆசைக்கு வாகாக அமைந்தவை இந்தப் பெயர்கள். இவற்றில் சிலவற்றைத் தெரியாதவரும் முதல் தடவையே சரியாகப் படித்துவிடலாம். இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது.

செரென் அந்த வகையில் முதலிடம். எழுதியபடியே உச்சரிப்பு. ஆனால் ஒரே வகுப்பில் இரண்டு செரென் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆங்கிலக் காதுக்கு அது 'அமைதி' என்ற சொல்போலக் கேட்டு நட்சத்திரம் மறைந்துவிடுகிறது. எய்ராவை 'ஐரா' என்று திரிப்பார்கள், திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தாலும் எய்ராவில் ஓர் ஒட்டுறவு இருக்கிறது: எய்ர்லிஸ், எய்ர்வென் என்று அக்கா தங்கைகளுக்கு நீட்டலாம். இரண்டாவது மகளும் வரலாம் என்று நினைக்கிற வீட்டுக்கு நான் எய்ராவைச் சொல்வேன். டெகன் என்ற பெயரும் இந்த வரிசையில் பரிந்துரைக்கப்படும். 'டெக்', அழகு, என்பதிலிருந்து வருவதாகச் சொல்வார்கள். வேல்ஸ் மொழியில் டெகன் என்றாலே பொம்மை என்றும் பொருள். மொழி தெரிந்த ஊரில் வளரும் குழந்தைக்கு அதைத் தவிர்க்கலாம்.

நியா, மாரி

வேல்ஸில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். நியா என்பது ஐரிஷ் கதை நாயகி நியவ் என்பவளின் வேல்ஸ் வடிவம். 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு நீண்ட கவிதை வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. இரண்டே எழுத்து, எந்த நாட்டிலும் தடுக்காது. ஸ்வாஹிலியில்கூட அதற்கு 'நோக்கம்' என்று ஒரு நல்ல பொருள் இருக்கிறது. மாரி என்பது மேரியின் வேல்ஸ் வடிவங்களில் ஒன்று. ஊரில் இருக்கும் அம்மாச்சிக்கு அது மழை, மாரியம்மன். கார்மார்தன் பள்ளி ஆசிரியருக்கு அது சுத்தமான வேல்ஸ் பெயர். இரண்டு பக்கமும் தன் பெயர் என்று உரிமையோடு கூப்பிடக்கூடியது. இங்கே என் ஓட்டு மாரிக்கு. அதே மேரிக்கு 'மைர்' என்று ஒலிக்கும் இன்னொரு வடிவமும் உண்டு. வேல்ஸில் மதிப்பான பெயர், ஆனால் தமிழ் வீட்டுக்கு ஏன் ஆகாது என்பது உங்களுக்கே தெரியும்.

வேல்ஸில் குழந்தை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். விரும்பினால் வேல்ஸ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் சேர்த்துப் பதியலாம். அந்த அவகாசத்தில் இருபது பெயரை வைத்துக் குழம்பாமல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்று வீட்டில் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். பாட்டி தாத்தாவையும் போனில் கூப்பிடச் சொல்லுங்கள். நானாக இருந்தால் அந்த இரண்டு பெயர்கள் ரியானனும் அங்ஹாரட்டும். பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பும் காலையில் அங்ஹாரட்டைத்தான் எழுதுவேன்.